மூன்று மதிப்பெண் கேள்வி

பீட்டர்மாரிட்ஸ்பர்க், டிசம்பர்.
விடுமுறைப் பள்ளியின் உணவுக்கூடம்.
நாற்பது பேர், நாற்பது சிவப்புப் பேனா.
மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் வெயில் தேங்கி நிற்கிறது.
வெளியே ஜகரந்தா பூத்து முடித்து
வெறும் இலையாய்ப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி 3.4:
கவிஞர் காலத்தையும் நித்தியத்தையும்
எப்படி எதிரெதிரே நிறுத்துகிறார்?

பழைய இங்கிலீஷ் கவிதை. கப்பலில் வந்திறங்கி
பாடத்திட்டத்தில் குடியேறிவிட்டது.
முதல் வரியில் ஒரு மணிக்கூண்டு,
கடைசி வரியில் மணியும் இல்லை கூண்டும் இல்லை.
பதினோரு வருடமாக நடத்துகிறேன்.
காலம் ஓடும்; நித்தியம் நிற்கும்.
கரும்பலகை நடுவே ஒரு கோடு,
இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது.
கோடு எதில் சேர்த்தி என்று
ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

விடைக்குறிப்பு சொல்கிறது:
ஓட்டம் என்றால் ஒன்று,
அசைவின்மை என்றால் ஒன்று,
வரியை மேற்கோள் காட்டினால் இன்னொன்று.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது தாள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
அழுத்தி எழுதியதில் மறுபக்கம்
தடவிப் படிக்கலாம் போலப் புடைத்திருந்தது.
அந்தப் பிள்ளை எழுதியது, என் தமிழில்:

'எங்கள் வீடு சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு, இரண்டாம் மாடி.
அப்பா ஒரு வெள்ளிக்கிழமை நண்டுக்கறி வைத்தார்.
மிச்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு
உறையவைத்தார். ஞாயிறு இறந்துபோனார்.
டப்பா இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது.
கரண்ட் போகும்போதெல்லாம் அம்மா
ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று கத்துவாள்,
கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்துவாள்.
கரண்ட் வந்ததும் மைக்ரோவேவில்
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று மினுக்கும்.
யாரும் சரிசெய்வதில்லை.
கவிஞரின் மணிக்கூண்டு அதுதான் என்று நினைக்கிறேன்.
நித்தியம் தானாக நிற்பதில்லை.
யாராவது போர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.
மன்னிக்கவும், கோடு போட்ட இடம் முடிந்துவிட்டது.'

மேற்கோள் இல்லை.

பேனாவை மூடினேன்.
அந்தக் கம்பளி என்ன நிறம் என்று
எதற்கோ தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

போன மார்ச்சில் கோவில்பட்டியிலிருந்து
அண்ணன் அனுப்பிய சுவரொட்டிப் படம்
போனில் இருக்கிறது. திறக்காமலே வைத்திருந்தேன்.
கூடத்தில் போன் எடுக்கக் கூடாது.
மேசைக்கடியில் திறந்தேன்.

குமாஸ்தா ஆனார், தபால் ஆய்வாளர் ஆனார்,
நான்கு பேருக்குத் தகப்பன் ஆனார்,
சர்க்கரை நோயாளி ஆனார்;
வாழ்நாளெல்லாம் எதுவோ
ஆகிக்கொண்டே இருந்த மனிதர்.
படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்:
காலமானார்.

சாவுக்குப் போர்த்திய மரியாதை என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இன்றைக்கு எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
காலம். ஆனார்.
காலத்தை விட்டு எங்கும் போகவில்லை,
அதற்கு அப்பால் கரையேறவும் இல்லை.
அதுவாகவே ஆகிவிட்டார்.
என் கோட்டின் எந்தப் பக்கம் அவரை எழுத?

தாளோடு தலைமைத் திருத்துநரிடம் போனேன்.
திருமதி ம்கிசே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப்
படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.
'மேற்கோள்?'
'இல்லை.'
ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:
'மகன் பேசியனுப்பிய மெசேஜ் ஒன்று,
பழைய போனில். ரொட்டி வாங்கவா என்று கேட்பான்.
மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவேன்.'
பிறகு பச்சை மையால்: இரண்டு.

இடத்துக்குத் திரும்பினேன்.
அடுத்த தாள், அடுத்த எண்.
காலம் ஓடும், நித்தியம் நிற்கும்,
ஐந்தாம் வரி பிழையில்லாமல் மேற்கோள்.
நடுவில் ஒரு கோடுகூடப் போட்டிருந்தது.
மூன்று போட்டேன்.

தேநீர் மணி அடிக்கக் கரண்ட் இல்லை.
யாரோ கரண்டியால் தட்டைத் தட்டினார்கள்.