இரண்டாவது ஜன்னலுக்கு வாருங்கள்

துல்சாவில் ஜூலை.
பதினோராம் தெருவின் தார்
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
சாப்பிடுகிறவர்கள் பக்கம் ஏசி ஓடுகிறது.
அடுப்படியில் ஓடுவது நாங்கள் மட்டும்.

என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் ப்ரெண்டா.
நான் ப்ரெண்டா இல்லை.
மார்ச்சில் நின்றுபோனவளின் அட்டை அது.
புதிதாய் அச்சடிக்க நாலு டாலர் ஆகுமாம்.
நாளுக்கு முந்நூறு கார்கள்
நன்றி ப்ரெண்டா என்கின்றன.
பல கார்கள் அதுவும் இல்லை.

காதில் ஹெட்செட், உதட்டருகே அதன் வளைந்த விரல்.
எட்டு மணி நேரம் பேசுகிறேன்:
உருளை வறுவல் பெரியதா நடுத்தரமா,
கூடுதல் சாஸ் இருபத்தைந்து சென்ட்,
இரண்டாவது ஜன்னலுக்கு வாருங்கள்.
இவ்வளவு பேச்சிலும்
ஒரு சொல்கூட நான் யோசித்தது இல்லை.

எண்ணெய்த் தொட்டியருகே நியாங்.
முழங்கைக்குக் கீழே ஏழு கோடுகள்.
முதல் கோட்டுக்கு ஒரு கப் ஐஸ் தந்தார்கள்,
கப்பைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

திங்கள் யாருக்கு வேலை என்பது
ஞாயிறு இரவு பதினொன்றுக்குப் போனில் வரும்.
ரொசெண்டோ மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவதை
மூன்று முறை தள்ளிப்போட்டான்.
பல் தள்ளிப்போடவில்லை.

புதன்கிழமை ஒடெல் விழுந்தார்.
அந்த நேரம் பார்த்து டைமர் கத்தியது.
நான்
முதலில் வறுவல் கூடையைத் தூக்கினேன்,
பிறகுதான் ஒடெலை.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றிரவு எதிர்ப்பக்கத்துச் சலவைக்கடையில்
ரொசெண்டோவின் துணி சுற்றி முடிவதற்குள்
தட்டில் விரிக்கும் தாளின் பின்பக்கம் எழுதினோம்.
டெல்ஃபின் ‘தயவுசெய்து’ என்று ஆரம்பித்தாள்.
நியாங் அதை அடித்தாள்.
ஒரு ஏசி. உட்கார ஒரு நாற்காலி.
இரண்டு வாரம் முன்னதாக வேலை அட்டவணை.
கேள்வி கேட்டால், பதில்.
இருவர் கையெழுத்துப் போடவில்லை.
கோபமில்லை,
வாடகைக்கு எல்லோருக்கும் ஒன்றாம் தேதிதான்.
என் முறை வந்தபோது
பழக்கத்தில் ப்ரெண்டாவின் முதலெழுத்தைப் போட்டுவிட்டேன்.
அடித்துவிட்டு எழுதினேன்: லவோன் ப்ரூயிட்.

மேலாளர் தாளை வாங்கி
ஊறுகாய் வாளிக்கு அடியில் வைத்தார்.

வெள்ளி, பன்னிரண்டரை.
வரிசையில் எட்டு கார்.
ஹெட்செட்டைக் கழற்றவில்லை, அதிலேயே சொன்னேன்:
இப்போது ஆர்டர் எடுப்பதில்லை.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி.
எங்களில் ஒருவர் விழுந்துவிட்டார்.
வெளியே போய் நிற்கப்போகிறோம்.

ஒரு கணம் எல்லா எஞ்சின்களும் கேட்டன.
மூன்று கார் திரும்பிப் போயிற்று.
ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தது,
வசவா வாழ்த்தா தெரியவில்லை.
நீலக் காரிலிருந்து ஒருவர்,
“அப்போ ஐஸ்கிரீம் மெஷின்?”
அது ஏப்ரலிலிருந்தே ஓடவில்லை ஐயா,
அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.

திங்களன்று ஃபேன் வந்தது.
ஒன்று. முழங்கால் உயரம்.
ரொசெண்டோவின் முப்பத்திரண்டு மணி நேரம்
பதினாலாகக் குறைந்தது.
அதற்கும் ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.
இந்தமுறை, கையெழுத்துப் போடாத இருவரில் ஒருத்தி
பேனா கொண்டுவந்தாள்.

அட்டை இன்னும் ப்ரெண்டாதான்.
நியாங் தன் காயத்துக்கு வைத்திருந்த பிளாஸ்திரியில்
ஒரு துண்டு கிழித்து அதன்மேல் ஒட்டி
கறுப்பு மையில் எழுதிவிட்டாள்.
இன்று முதல் காரில் வந்தவர்
கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி,
“ல... வோன்?” என்றார்.

ஆமாம் என்றேன்.
சாஸ் வேண்டுமா?