நான்காம் திருத்தம்

இருக்கிற தொட்டி பன்னிரண்டு மீட்டர்.
ஒரு மூச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடும்.
பர்கூரில் பள்ளியின் பின்புறம்
சத்துணவுக் கூடத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவே.
இருபத்தைந்தாக்கித் தாருங்கள் என்றார்கள், ஊருக்கும் சேர்த்து.
நீட்டினேன், மரம் குறுக்கே வந்தது.
தொட்டியைத் திருப்பினேன், மரம் பிழைத்தது.

மூன்றாவது வரைபடத்தை ஊர்க்கூட்டத்தில் விரித்தபோது
காற்றுக்குப் பறக்காமல்
நாலு மூலையிலும் டீ கிளாஸ் வைத்தார்கள்.

பி.டி. மாஸ்டர் திம்மராயனுக்கு ஆறு லேன் வேண்டும்.
மாங்கூழ் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவரும் ஃபர்சானாவுக்குக்
காலை ஆறு மணி வேண்டும், பெண்களுக்கு மட்டும்.
எட்டடிச் சுவர் எழுப்பித் தருகிறேன் என்றேன்.
"சுவரு வேணாம் மேடம். நேரத்த எழுதி மாட்டுங்க.
படிக்கத் தெரிஞ்சவன் வராம இருக்கட்டும்."
சிரிப்பு அடங்க நேரமானது.

அடங்கிய இடத்தில் ஒரு குரல்,
பின்வரிசை, எழுந்திருக்கவில்லை:
"எல்லாரும் ஒரே தண்ணியிலயா?"

ஃபேன் சுற்றியது.
நான் ஃபில்டர் அறையைத் தொட்டுக் காட்டினேன்.
மணல், பம்பு, குளோரின்,
ஆறு மணிக்கொரு தரம் மொத்தத் தண்ணீரும் சுற்றிவரும் என்றேன்.
அவர் கேட்டது அதையல்ல.
தெரிந்தேதான் அதைச் சொன்னேன்.

எல்லோரும் போனபின் மாதம்மா நின்றாள்.
ஜெகதேவிப் பக்கம் கைவிட்ட குவாரியில்
பச்சையாய்த் தேங்கிய மழைத்தண்ணீருக்குள்
அவள் மகன் குதித்து இரண்டு வருஷம்.
"இது எவ்ளோ ஆழம்?"
இந்தக் கோடியில் ஒன்று இருபது.
புரியாமல் பார்த்தாள்.
டேப்பை இழுத்து அவள் பக்கத்தில் நிறுத்தினேன்.
தோளைத் தொட்டது.
"போகப் போக?"
ஒன்று எண்பது.
"அத எழுதி வெப்பீங்களா?"
ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் என்றேன்.

குவாரியில் கல்லை அளந்தார்கள்,
கன மீட்டர் கணக்கில், லாரி லாரியாக.
குழியை யாரும் அளக்கவில்லை.

நேற்று ராத்திரி நான்காம் திருத்தம்.
லேன் ஐந்து. திம்மராயன் கோபிப்பார்.
படிகளை எடுத்துவிட்டுச் சரிவு,
முட்டி வலிக்காரர்களும் நடந்தே இறங்க.
கரைக்கு உள்ளூர் கல், மெருகிடாதது.
ஆழ எண்கள் ஒரு சாண் உயரத்தில், கறுப்பில் வெள்ளை.
ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் தொட்டி வரைந்திருந்தேன்,
குழந்தைகளுக்கு என்று.
யார் குழந்தைகளுக்கு என்று
யாராவது கேட்பதற்குள் அழித்தேன்.
மிஞ்சிய இடம் பெரிய தொட்டிக்கு.

செலவு நாலு லட்சம் கூடுகிறது.
நீர் ஆதாரம் என்ற கட்டத்தில்
போர்வெல் என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அடித்தேன்.
மறுபடி போட்டேன்.