உவம உருபு

முதலில் வந்தது ஒரு கலண்டர் படம்.
எழுபத்தொன்பது. எனக்குப் பதினேழு.
சுவிஸ் வீடொன்றின் முன்னால் கிடந்த வாங்கு.
"இதைப்போல" என்றார் தபாற்கந்தோர்க்காரர்.
பனி வழியவென்று சரித்த பலகை;
அப்படியே சரித்துக் கொடுத்தேன்.
உப்புவெளியில் பனி பெய்யவில்லை.
அவர் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள்.

போல.
பள்ளிக்கூடத்தில் உவம உருபு என்று படித்த சொல்.
நாற்பது வருடம் அதுதான் எனக்குச் சோறு போட்டது.
டொக்யாட்டில் வெள்ளைக்காரன் விட்டுப்போன அலுமாரியை
அளந்து அளந்து ஏழு அலுமாரி.
தங்கையின் கல்யாணக் கட்டிலுக்கு
அக்காவின் கல்யாணக் கட்டில்.

தொண்ணூறில் யாரும் படம் கொண்டுவரவில்லை.
நூலில் முடிச்சுப் போட்டு அளவு மட்டும்.
ஐந்தடி நாலு. ஐந்தடி ஏழு.
ஒரு நூல் மிகக் குட்டை.
அதற்கு முதிரை போட்டேன், காசு வாங்கவில்லை.
அதைப்பற்றி இவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரரின் கதவுகள்:
முந்நூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் ஒரே கதவு.
பிறகு நிலாவெளி ஹோட்டலுக்குப் பாலித்தீவுச் சாய்மனை.
மூட்டு எப்படியென்று போனில் பெரிதாக்கப் பெரிதாக்க
படம் சதுரம் சதுரமாய் உடைந்தது.
அந்தச் சதுரத்துக்குள் என்ன இருந்திருக்கும்?
இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு யோசித்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக.

தனியே செய்துபார்த்தவை சொல்லத் தகுந்தவையல்ல.
மூன்று கால் மேசையொன்று
கடைவாசலில் படுக்கிற மான் உரசியதும் விழுந்தது.
வளைமுதுகுக் கதிரையில் ஸ்டெல்லா இருந்து பார்த்தாள்.
"வடிவாத்தான் இருக்கு. எழும்ப ஏலாது."
இரண்டையும் பிளந்து அடுப்புக்குக் கொடுத்தேன்.
அன்றைக்குப் புட்டு நன்றாக அவிந்தது.

பிறகு ரிபாயா.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில்,
மடியில் கால் முறிந்த பிளாஸ்டிக் கதிரையோடு.
"இதுக்கொரு மரக்கால் போட்டுத் தாங்களேன்."
"என்ன வேலைக்கு?"
"வலை பொத்த."
"எங்கே, பொத்திக் காட்டுங்கோ."

சீமெந்துத் தரையில் இருந்தாள்.
பையிலிருந்த வலைத்துண்டைக் கால் பெருவிரலில் மாட்டினாள்.
ஊசி போய் வரும்போதெல்லாம்
அவளுடைய வலது முழங்கை
அங்கே இல்லாத கைப்பிடிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனது.
அந்த ஒதுங்கலை அளந்தேன்.
நாலரை அங்குலம்.
எந்தப் படத்திலும் இல்லாத அளவு.

சமண்டலை எடுத்தேன்,
இந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கப்பலேறிய மரம்.
வளையும், வெடிக்காது.
வலக்கைப்பிடி இல்லை.
இருக்கை முன்னுக்கு ஒரு விரல் தாழ்வு.
முன்காலில், பெருவிரலுக்கு ஓய்வு கொடுக்க, ஒரு முளை.
கழுந்து துளைக்குள் இறங்கியபோது
சுத்தியல் தேவைப்படவில்லை; உள்ளங்கை போதுமாயிருந்தது.
பின்காலின் வளைவைத் தடவி
"மான்ர கால் மாதிரி" என்றாள் ஸ்டெல்லா.
மாதிரி இல்லை என்றேன்.
கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன்.

ரிபாயா வந்து இருந்தாள்.
வலையை முளையில் மாட்டினாள்.
ஒரு கண், இரண்டு கண், பன்னிரண்டு கண்.
என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.
முடித்துவிட்டு "எவ்வளவு?" என்றாள்.
எனக்கு விலை தெரியவில்லை.
அதையும் இதுவரை
வேறெங்கோ பார்த்துத்தானே எழுதினேன்.

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு பொடியன்.
போனில் அந்தக் கதிரை.
வெயிலில், வலையோடு, முளை தெரிய.
"இதைப்போல ஒன்டு வேணும்."

போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.
"நீர் என்ன வேலை?"
"மணிக்கூடு திருத்துறனான்."
என் மணிக்கூட்டைக் கழற்றி
அவன் கையில் கொடுத்தேன்.