நிற்கும் இடம்

பதினோராவது கட்டத்தில் வந்து
முட்டிக்கொண்டு நிற்கிறது விண்ணப்பம்:
'வாகனம் வழக்கமாக நிற்கும் இடம்.'

"நிக்கிய எடமா? ஓடிய வண்டியில்லியா அது"
என்றாள் லில்லிபுஷ்பம்.
சேலைத் தலைப்பில் மீன்மசாலா மஞ்சள்.
களியக்காவிளை இ-சேவை மையம், காலை பத்தரை,
மின்விசிறிக்கு அடியில் ஏழு பேர்.
எல்லார் கையிலும் அதே சுற்றறிக்கை.
எல்லார் வண்டியும் பேருந்து நிலையத்தின் பின்னால்
கேஸ் அணைத்துக் கிடக்கிறது.

நான் கட்டங்களை நிரப்புகிறவன்.
விதி மாறும் மாதங்களில்தான்
என் வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் கட்டத்திலேயே தகராறு.
தொழிலின் வகை: தள்ளுவண்டி, உணவு ஊர்தி, தலைச்சுமை.
தட்டுக்கடை என்று பட்டியலில் ஒன்றுமில்லை.
வெளியே நிற்கும் குட்டியானையின் நெற்றியில்
நீலப் பெயிண்டில் அதுதான் எழுதியிருக்கிறது.
"தலைச்சுமைன்னு போடு, பொய்யொண்ணும் இல்ல."

நான்காவது: வண்டியில் சமைப்பவரா,
சமைத்ததை வண்டியில் விற்பவரா?
இரண்டுக்கும் இனி தனித்தனி உரிமம்.
மரச்சீனி வேகிறது வீட்டில், விடியல் மூன்று மணிக்கு.
சாளை பொரிகிறது வண்டியில்.
இரண்டும் சந்திப்பது ஒரு வாழையிலைத் துண்டில்.
அந்த இலைக்கு ஒன்றும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஏழாவது, தண்ணீர்ப் பரிசோதனை.
எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிய தாளை
பைபிளுக்குள் மடிக்காமல் கொண்டுவந்திருந்தாள்.
அவள் கிணற்றுக்கு முதன்முதலாக ஒரு பதிவெண்.

ஒன்பதாவது, தடுப்பூசி.
"எனக்கா, வண்டிக்கா?"
ஏழு பேரும் சிரித்தார்கள்.
பிறகு ஏழு பேரும் அவரவர் தாளில்
ஒன்பதாவது கட்டத்தைத் தேடினார்கள்.

பதினொன்று.
காலையில் சந்தை வாசல்,
வாழைக்குலை இறக்குகிறவர்களுக்கு. அது சிக்கலில்லை.
மாலை நாலு மணிக்கு இஞ்சிவிளை வளைவு.
அங்கே ஓர் ஓடை.
முன்சக்கரம் இந்தப் பக்கம்,
பின்சக்கரம் அந்தப் பக்கம், கேரளத்தில்.
ஷட்டர் திறப்பது பின்னால்.

அப்படியானால் வியாபாரம் எங்கே நடக்கிறது?
கொடுக்கிற கை இருக்கும் இடத்திலா,
வாங்குகிற கை நீளும் இடத்திலா?

போன வாரம் பாறசாலையிலிருந்து பிஜுமோன் சார் வந்து
டேப் பிடித்து அளந்தார்.
இரண்டு தட்டு கிழங்கும் மீனும் சாப்பிட்டார்,
காசு கொடுத்தார், கட்டன் சாயா பிரமாதம் என்றார்.
நோட்டீஸையும் ஒட்டிவிட்டுப் போனார்.

நான் நம் பக்கத்து உதவி எண்ணை அழைத்தேன்.
நெடுநேரம் வீணை வாசித்தது.
பிறகு ஒரு குரல், மிக மரியாதையாக:
உங்கள் கேள்வி எங்கள் எல்லைக்குள் வரவில்லை.

"நாலடி முன்ன எடுத்து நிறுத்துனா?"
நிறுத்தலாம். வெயில்.
நிழல் தருகிற புளியமரம் அந்தப் பக்கம் நிற்கிறது.
லாரிக்காரன் வெயிலில் நின்று தின்னமாட்டான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு எண்ணெய்ச் சூடு தழும்பாகிய விரலால்
என் மேசைமேல் ஒரு கோடு கிழித்தாள்.
"நாலு மணிக்கு நிழலு ஓடை வரைக்கும் வரும்.
அஞ்சரைக்கு ஓடை தாண்டி
பத்தடி நம்ம பக்கம் கெடக்கும்.
கடைய அஞ்சரைக்குத் தொறக்கியேன்."

ஒன்றரை மணி நேர வியாபாரம் போகும்.
அதை அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்று
உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

கட்டத்தில் இருநூறு எழுத்துக்கு இடமிருந்தது.
அதிகம் தேவைப்படவில்லை. தட்டச்சினேன்:
'புளியமரத்தின் நிழல் முடியும் இடம்.'

நாலாம் நாள் ஒப்புதல் வந்துவிட்டது.
யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.
சதுரக் குறியீடு அச்சிட்டு,
பிளாஸ்டிக் உறை போட்டு, அவள் கையில் கொடுத்து,
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

ஓராண்டுக்குச் செல்லும்.
புதுப்பிக்கும் நாள் ஜூன் மூன்று.
இடவப்பாதி மழை.
அன்றைக்கு நிழல் விழாது.