முள்

என் கொம்பிக்குத் தண்ணீர் கிடையாது.
ரேடியேட்டர் இல்லை, குழாய் இல்லை.
காற்றைக் குடித்து, எண்ணெயில் வியர்த்து ஓடும் வண்டி.
எஞ்சின் முதுகுக்குப் பின்னால்.
புறம்பேசுகிறவர்களைப் போல
அது என்ன சொல்கிறதென்று
எனக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

அப்படித்தான் ஒன்று செத்தது,
லவுரோ முல்லர் தாண்டி, பாலத்தருகே,
நாற்பது பெட்டி இறாலோடு.

வேறு எஞ்சின் போட்ட ஒஸ்னி
டயல் ஒன்றையும் பொருத்தித் தந்தான்.
கறுப்பு முகம், வெள்ளை முள்.
"தோனா இல்டா, நூற்றிருபதைத் தொட்டால் நின்றுவிடணும்.
சாமியே வந்து ஏறச் சொன்னாலும் ஏறக் கூடாது."

அதன்பின் அந்த மலையை நான் பார்த்ததில்லை.
உலகமே வந்து படமெடுக்கும் மலை.
எனக்கு அது
உள்ளங்கையளவுக் கண்ணாடிக்குள்
நடுங்கி நடுங்கி ஏறும் ஒரு வெள்ளைக் கோடு.

லகூனாவில் மூன்று மணிக்கு ஐஸ் கொட்டி மூடுவேன்.
அடிவாரத்தில் நூற்று நான்கு.
முதல் கொண்டையூசியில் நூற்றுப் பதினொன்று.
இரண்டாம் கியருக்கு இறக்கு, என்பான் ஒஸ்னி,
எஞ்சின் கத்தட்டும்,
கத்தினால்தான் விசிறி வேகமாய்ச் சுற்றும்,
சுற்றினால்தான் சூடு இறங்கும்.
அடக்கி ஓட்டினால் வெந்துபோகும், கத்தவிட்டால் ஆறும்.
என் அக்கா இவோனேயின் கல்யாணமும்
அப்படித்தான் இருபது வருஷம் ஓடியது.
அது வேறு கதை.

எட்டாம் வளைவில் நூற்றிருபது.
நிறுத்துவேன்.
பின்மூடியைத் தூக்கி வைத்து இருபத்தைந்து நிமிஷம்.
பின்னால் எண்ணெய் ஆறும்.
அதற்கு இரண்டு சாண் முன்னால் ஐஸ் உருகும்.
ஒரே வண்டிக்குள் இரண்டு கடிகாரம், எதிரெதிராக.
சொட்டும் தண்ணீரை மோந்துகொண்டு
குவாத்திகள் வரும், வாலை நட்டுக்கொண்டு,
வரி வசூலிப்பவர்களைப் போல.
ஆளுக்கொரு இறால் கொடுத்து அனுப்புவேன்.

மேலே சாவ் ஜோவாகிமில்
ஜுரேமா பெருவிரலால் அழுத்திப் பார்ப்பாள்.
"மெத்துனு இருக்கே."
பத்தில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வாள்.
இப்படிப் பதினொரு மாதம்.

ஜூனில் ஆயில் மாற்ற வந்த ஒஸ்னி
பழசை விரலிடுக்கில் தேய்த்து, மோந்து,
வெகுநேரம் பேசாமல் நின்றான்.
"நூற்றிருபது பார்த்த எண்ணெய் இப்படி இருக்காதே."

சென்சாரைக் கழற்றினான்.
ஒரு வயர் அதற்கு, ஒரு வயர் வண்டியின் உடம்புக்கு,
இரண்டையும் ஜன்னல் வழியே என் சமையலறைக்கு இழுத்து
பினியாவ் கொட்டை அவிந்துகொண்டிருந்த பானையில்
தொங்கவிட்டான்.
நான் வண்டியில் உட்கார்ந்து படித்துச் சொல்லணும்.
"கொதிக்குது! எவ்வளவு?"
"நூற்றுப் பதினேழு!"
பதில் வரவில்லை.
பிறகு தணிந்த குரலில்:
"இந்த உயரத்தில்
தொண்ணூற்றைந்திலேயே தண்ணீர் கொதிக்கும், தோனா இல்டா."

இருபத்திரண்டு டிகிரி.
டயல் ஒரு கம்பெனி, சென்சார் வேறொரு கம்பெனி.
ஒன்று சொன்னது ஒன்றுக்குப் புரியவில்லை,
அவ்வளவுதான்.
வேறு வாங்கித் தருகிறேன் என்றான், தரையைப் பார்த்து.
வேண்டாம், எனக்குக் கழிக்கத் தெரியும் என்றேன்.
நூற்றுநாற்பதில் சிவப்பு டேப் ஒட்டினேன்.
அந்தப் பானைக் கொட்டையை இருவருமே தின்னவில்லை.

மறுநாள் ஏற்றம்.
நூற்றுப் பதினெட்டு.
இல்லை, தொண்ணூற்றாறு.
நூற்றிருபது.
இல்லை, தொண்ணூற்றெட்டு,
தொண்ணூற்றெட்டு, என்று சத்தமாகவே சொன்னேன்,
இறாலுக்குக் கேட்கும்படி.
கால் தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்தது.

பதினொரு மாதமாய் நான் கண்ணால் பார்த்த முள்
எப்போது காலில் தைத்ததோ.

அழுத்தினேன். எஞ்சின் கத்தியது.
எட்டாம் வளைவின் சுவரோரம்
குவாத்திகள் எழுந்து நின்று வண்டியைப் பார்த்தன,
அது போவதைப் பார்த்தன.
கண்ணாடியில் அவை சிறுத்துக்கொண்டே வர,
நான் மறுபடி டயலைப் பார்த்தேன்.