மின்சாரம் வரும் வரை

மாக்னிதகோர்ஸ்க்கில் டிராம் ஏறினால்
பத்து நிமிடத்தில் ஆசியா.
கடவுச்சீட்டு கேட்பாரில்லை.
வீடுகள் எல்லாம் ஐரோப்பாவில்,
உருக்காலை ஆசியாவில்,
நடுவே உரால் ஆறு
இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல்.

நான் வந்தது தகடுகளின் தடிமன் அளக்க.
வெள்ளிக்கிழமையே அளந்து முடித்தாயிற்று:
மூன்று மில்லிமீட்டர், சொன்னபடி.
ஞாயிறு மிச்சம்.
விடுதிக்காரி தயீசியா சொன்னாள்:
"பார்க்க ஒன்றுமில்லை இங்கே.
வேண்டுமானால் கண்டம் தாண்டிவிட்டு வா,
சூப்பு ஆறுவதற்குள்."

பாதிப் பாலத்தில் டிராம் நின்றது.
ஹீட்டர் ஒருமுறை இருமி ஓய்ந்தது.
ஓட்டுநர் ஃபானியா எழுந்து
மேலே கம்பியைப் பார்த்துத் திட்டினாள்,
தாத்தார் மொழியில்.
அகராதி தேவைப்படவில்லை.

வெளியே ஒரு பலகை,
இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல்.
கோடு எங்கள் பெட்டிக்குள்தான் ஓடியிருக்க வேண்டும்.
மூன்றாம் சன்னலுக்கும் நான்காம் சன்னலுக்கும் நடுவில் என்று
கணக்குப் போட்டு, எழுந்துபோய் நின்றேன்.
அளக்கிற புத்தி எங்கே போகும்?
ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்பார்கள்.
எனக்கு இரண்டும் ஆற்றுக்கு மேலே.
ஐரோப்பாவில் இருந்தது விறைத்தது.
ஆசியாவில் இருந்ததும் விறைத்தது.

ஊதுலைக்காரர் வெனியமீன் கைபேசியில் சொன்னார்:
"இன்னும் ஐரோப்பாவில்தான் இருக்கிறேன்,
பெயரை எழுதி வை."
வேலைக்குத் தாமதம் என்பதை
அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.
பின்னிருக்கைக்காரி
மருமகளுக்கென்று கொண்டுபோன ஊறுகாய் ஜாடியைத் திறந்து
ஆளுக்கொரு வெள்ளரி கொடுத்தாள்.
எனக்கு இரண்டு. தூரத்து ஆள் என்பதால்.

கீழே, பாதி ஆறுதான் உறைந்திருந்தது.
ஆலைப்பக்கத்துத் தண்ணீர்
கழிவுச்சூட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பனிக்கட்டி முடியும் ஓரத்தில்
பெட்டிமேல் ஒருவன், ஓட்டைக்குள் தூண்டில்.
வெனியமீன் கதவைக் கையால் நெம்பித் திறந்து கத்தினார்:
"சவேலி! மீன் எந்தக் கண்டத்தது?"
அவன் தூக்கிக் காட்டினான், உள்ளங்கை நீளம்.
"சின்னது" என்றான்.

பெட்டி சிரித்து முடிப்பதற்குள்
விளக்கு வந்தது.
எல்லோரும் ஒரே குலுக்கலில் ஆசியர்கள் ஆனோம்.
எந்தச் சன்னல் கோட்டைக் கடந்தபோது
நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று
யோசித்துப் பார்க்கிறேன்:
வெள்ளரியின் காம்பைத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு சுவர், ஒரு வாயில், நிறையப் புகை.
அடுத்த டிராமில் திரும்பிவிட்டேன்.

சூப்பு ஆறிப்போயிருந்தது.
எப்படி இருந்தது என்று தயீசியா கேட்கவில்லை.
சமையலறை ஆணியில்
ஆலைத் தொழிலாளியின் தலைக்கவசம் ஒன்று
தலைகீழாகத் தொங்கியது, உள்ளே வெங்காயம்.
நான் பார்ப்பதைப் பார்த்து,
"முப்பத்தொரு வருடம்
தினமும் போய்த் திரும்பியது அது" என்றாள்.
"கடைசி நாளும் அது திரும்பியது."
அதிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து
நறுக்க ஆரம்பித்தாள்.
அடுப்பு பற்ற
மூன்று தீக்குச்சி பிடித்தது.