மீதி முப்பது வாட்

ஓடும்போது என் வண்டி விளைவிப்பது
நூற்றெண்பது வாட்.
பொறிக்கும் பெட்ரோல் பம்புக்கும் முதல் பந்தி, ஐம்பத்தைந்து.
முகவிளக்குக்கும் அதே அளவு.
எதிரே ஒரு கழுதைகூட வராத பட்டப்பகலிலும்
அதை அணைக்க விசை கிடையாது.
சூடேறும் கையுறைகளுக்கு நாற்பது.
படகோனியக் காற்றில் விரல்கள் என்னுடையவையாக இருக்க
அந்த வாடகை கொடுத்தே ஆக வேண்டும்.

மிச்சம் முப்பது.
அதில்தான் குடும்பம் நடத்தினேன்:
கேமரா குடித்தால் போன் காத்திருக்கும்,
போன் குடித்தால் நெற்றிவிளக்கு பட்டினி.
இரவில் கூடாரத்துக்குள்
பேட்டரிகளை அக்குளில் வைத்துத் தூங்குவேன்.
குளிர் அவற்றைக் குடித்துவிடும்,
கைக்குழந்தைபோல்
அவற்றுக்கும் உடம்புச்சூடு வேண்டும்.

ரியோ மாயோ தாண்டி
சரளைக்கல் சாலை பல்லை ஆட்டியது.
மதியம் பார்த்தால் போனில் நான்கு சதவீதம்.
கம்பி செருகித்தான் இருந்தது.
செருகியிருப்பது வேறு, ஏறுவது வேறு.
தெரியும் எனக்கு;
பதினோரு வருஷம் கல்யாணத்தில் இருந்தவள்.

தகரக்கூரை, நான்கு நெட்டிலிங்கம்,
ஆட்டுமந்தை காவலர் டெல்ஃபோர் கார்கமோ.
பிளக் இருக்கா என்றேன்.
இருக்கே, என்று சுவரைக் காட்டினார்.
அழகான வெள்ளைப் பிளக்.
ஜூன் மாதம் காற்றாடியின் இறக்கையைக்
காற்றே முறித்துப் போட்டதிலிருந்து
அதில் சட்டையை மாட்டுகிறாராம்.

பிறகு என் வண்டியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.
"எட்டு மணிக்கு ரேடியோவில் சேதி வாசிப்பாங்க.
சூனில்டா ஆஸ்பத்திரியில இருக்கா, கோமோதோரோவுல.
மூணு நாளா என் ரேடியோ ஊமை."

பிளக் தேடி வந்தவளே
பிளக் ஆனேன்.
இருக்கையைக் கழற்றி, இரண்டு கம்பிகளை
ஜன்னல் வழியே உள்ளே விட்டோம்.
என்ஜின் ஓடினால் ரேடியோ முழுக்க இரைச்சல்.
தகரத்தில் ஆணி கொட்டுவதுபோல்.
அணைச்சிடலாமா? என்று அவர் கேட்கவில்லை.
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

சின்ன பேட்டரி. பழசு.
காலையில் கிளம்பாவிட்டால் இந்த வெளியில்
தள்ளிவிட ஆளுண்டா, ஆடுதான் உண்டு.
சாவியைத் திருப்பினேன்.

காற்று. அதற்குள் ஒரு பெண்குரல்,
சளி பிடித்த குரல்:
'லகுனா சேக்காவில் அம்புவேரோவுக்கு:
பெண்குதிரை விலைபோனது, பாதிப் பணம் வந்தது.
மல்பாசோ பண்ணையாருக்கு:
பல் டாக்டர் வியாழக்கிழமை வரமாட்டார்.'
யார்யாருடைய வீட்டுக் கதையோ
என் பேட்டரியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ,
'டெல்ஃபோர் கார்கமோவுக்கு, சூனில்டா:
பித்தப்பையை எடுத்தாச்சு.
நல்லாத் தூங்கினேன்.
கோழிக்கூட்டை அடைச்சியா?'

அவர் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.
எழுந்து, தீப்பெட்டி எடுத்துக்கொண்டு,
ஓட்டமும் நடையுமாக
இருட்டுக்குள் போனார்.
மூன்று இரவும் அவள் இதையே கேட்டாளோ
இன்றுதான் கேட்டாளோ,
யாருக்குத் தெரியும்.

காலையில் பொத்தானை அழுத்தினேன்:
டிக்.
இன்னொரு டிக்.
மூன்றாவதில் இருமிக்கொண்டு எழுந்தது.
போனைத் தொடவேயில்லை.
மாத்தே இலைப் பொட்டலத்தைக் கிழித்து உட்புறத்தில்
வழி வரைந்து கொடுத்தார்:
ஒரு கோடு, ஒரு செத்த லாரி, இடப்பக்கம் ஒரு கோடு.
சார்ஜ் தேவைப்படாத வரைபடம்,
மடிப்பில் இன்னும் தூள் வாசனை.

"ரேடியோ ஆபீஸ் வழியில வரும்.
எல்லாக் கோழியும் பத்திரம்னு சொல்லிடுங்க."
அவர் கொல்லையில் இரண்டு குவியல் இறகு கிடந்ததை
நானும் பார்த்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் அலுவலகச் சுவரில் போனைச் செருகினேன்.
எழுதிக்கொள்கிறவள் தலை நிமிராமல் கேட்டாள்,
சேதி என்ன?
எல்லாக் கோழியும், என்றேன்.
நான்கு, ஐந்தாக மாறியது.
பத்திரம்.